கால்பந்து கிளப்பை வாங்க வருபவரை யார், எப்படிச் சோதிக்கிறார்கள்?

நீங்கள் கேட்டிருப்பது இது: "இங்கிலாந்துக் கால்பந்துச் செய்திகளில் 'புதிய உரிமையாளர் லீக்கின் தேர்வில் தேறினார்' என்று போடுகிறார்கள். அது என்ன தேர்வு, யார் நடத்துகிறார்கள்? அதில் தேறியவர்களே பிறகு கிளப்பைக் கடனில் மூழ்கடித்துவிட்டுப் போகிறார்களே, எப்படி?" பார்த்தால் மூன்று கேள்வி. ஆனால் உங்களை உறுத்துவது கடைசிக் கேள்விதான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். முதல் இரண்டுக்கும் பதில் போகிற போக்கில் வந்துவிடும்.

நான் தணிக்கைப் பக்கத்து ஆள். ஒரு கம்பெனி கைமாறும்போது வாங்க வருபவர் யார், அவர் பணம் எங்கிருந்து வருகிறது என்று தோண்டிப் பார்ப்பதுதான் பல வருடம் என் பிழைப்பு. அப்படிப் பார்த்தவற்றில் விளையாட்டுக் கிளப்புகளும் சில உண்டு. லீக் அலுவலகத்துக்குள் உட்கார்ந்து முடிவெடுத்தவன் இல்லை. விதிப்புத்தகமும் நடந்து முடிந்த விற்பனைகளும் பொதுவெளியில் இருப்பவை, அவற்றை உறுதியாகச் சொல்லலாம். ஒரு குறிப்பிட்ட முடிவை லீக் ஏன் எடுத்தது என்பதில் பாதி எப்போதும் மூடிய கதவுக்குப் பின்னால்தான் இருக்கும். அங்கே நான் சொல்வது என் கணிப்பு. எது எது என்று ஆங்காங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில், 'தேர்வு' என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. தேர்வு என்றால் மதிப்பெண் இருக்கும், நல்லவர் யார், கெட்டிக்காரர் யார் என்று பார்ப்பார்கள் என்று நினைக்கிறோம். இது அப்படிப்பட்டதே இல்லை. 2004-ல் இதைக் கொண்டுவந்தபோது 'தகுதியும் நேர்மையும் உள்ளவர்' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். பெயர்தான் அப்படி. உள்ளே இருந்தது ஒரு தடைப்பட்டியல். இன்ன குற்றத்துக்குத் தண்டனை பெற்றிருக்கக் கூடாது, திவாலாகியிருக்கக் கூடாது, இவர் கையில் இருந்தபோது இரண்டு கிளப் நொடித்துப்போயிருக்கக் கூடாது, கம்பெனி இயக்குநராக இருக்க நீதிமன்றம் தடை விதித்திருக்கக் கூடாது, இன்னொரு கிளப்பைக் கட்டுப்படுத்துபவராக இருக்கக் கூடாது. பட்டியலில் எதிலும் மாட்டாவிட்டால் உள்ளே போகலாம். பின்னால் பெயரை 'உரிமையாளர், இயக்குநர் தேர்வு' என்று மாற்றினார்கள். அந்தப் பெயராவது நேர்மையாக இருந்தது என்பேன். செல்சியை 2003-ல் 14 கோடி பவுண்டுக்கு வாங்கிய ரோமன் அப்ரமோவிச்சுக்கு இந்தப் பட்டியல்கூடக் கிடையாது, அவர் வந்த பிறகுதான் தேர்வே வந்தது.

யார் நடத்துகிறார்கள் என்றால், அந்தக் கிளப் ஆடும் லீக் (2025-ல் சட்டப்படி ஒரு தனிக் கட்டுப்பாட்டாளரும் வந்திருக்கிறார், அதைக் கடைசியில் சொல்கிறேன்). மேலடுக்கு என்றால் பிரீமியர் லீக், அதற்குக் கீழே மூன்று அடுக்குக்கு இ.எஃப்.எல். என்கிற இங்கிலீஷ் ஃபுட்பால் லீக். இந்த லீக்குகளுக்குச் சொந்தக்காரர்களே உறுப்பினர் கிளப்புகள்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். சங்கத்தில் ஏற்கெனவே இருப்பவர்கள் புதிதாகச் சேர வருபவரைச் சோதிக்கிறார்கள். நாளைக்குத் தங்கள் கிளப்பையும் விற்க வேண்டியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். விதி எவ்வளவு கறாராக எழுதப்படும் என்பதில் அந்த நினைப்புக்குப் பங்கு இருக்காது என்று நான் நம்பவில்லை.

லீக் மேசைக்குக் கோப்பு போவதற்கு முன்பே ஒரு சோதனை நடந்து முடிந்திருக்கும், அதை நடத்துவது விற்பவர். பெரிய கிளப் என்றால் ஒரு முதலீட்டு வங்கி தரகராக இருக்கும். வாங்க வருபவர் முதலில் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார், பணம் இருப்பதற்கு ஒரு ஆதாரம் காட்டுவார். அப்புறம்தான் டேட்டா ரூம் திறப்பார்கள். ஆட்டக்காரர்களின் ஒப்பந்தம், வரி பாக்கி, ஆட்டக்காரர்களை வாங்கியதற்கு மற்ற கிளப்புகளுக்குத் தர வேண்டிய தவணை, மைதானம் யார் பெயரில் இருக்கிறது என்பதெல்லாம் அங்கே இருக்கும். கடைசியில் 'லீக் ஒப்புக்கொண்டால் மட்டுமே செல்லும்' என்ற நிபந்தனையோடு விற்பனை ஒப்பந்தம். இதில் ஒரு நுட்பம் உண்டு. விற்பவர் வாங்குபவரைச் சோதிப்பது தன் காசு வந்து சேருமா என்று பார்க்கத்தான். கிளப் அதற்குப் பிறகு பிழைக்குமா என்பது அவர் கவலை இல்லை. பணம் கைக்கு வந்த மறுநாள் அவர் வேறு ஊரில் இருப்பார்.

சரி, கோப்பு லீக்குக்கு வந்துவிட்டது. எங்கள் வேலையில் முதல் கேள்வி எப்போதும் 'யார்' என்பதுதான். சுலபமான கேள்வி போலத் தெரியும். ஒரு பெரிய தாளில் பெட்டி பெட்டியாகப் போட்ட வரைபடம் வரும். அடியில் கிளப், அதற்கு மேல் ஒரு ஹோல்டிங் கம்பெனி, அதற்கு மேல் ஏதோ ஒரு தீவில் பதிவான கம்பெனி, அதற்கும் மேல் ஒரு டிரஸ்ட். உச்சியில் ஒரு மனிதப் பெயர் இருக்க வேண்டும். நான் ஒருமுறை பார்த்த வரைபடத்தில் உச்சிப் பெட்டியில் பெயருக்குப் பதில் 'குடும்ப நலன்' என்று போட்டிருந்தார்கள். எந்தக் குடும்பம் என்று கேட்டு அனுப்பிய கடிதத்துக்குப் பதிலாக அதே வரைபடம் வண்ணம் மாற்றப்பட்டுத் திரும்பி வந்தது. லெட்டர்பேட் கம்பெனி, பினாமி என்றெல்லாம் நாம் சாதாரணமாகச் சொல்கிற விஷயம்தான் இது, சட்டத்தின் மொழியில் கௌரவமான பெயர்களோடு வரும்.

இதில் லீக் ஏமாந்ததற்குப் பழைய உதாரணம் நாட்ஸ் கவுன்ட்டி. 1862-ல் தொடங்கிய கிளப், தொழில்முறைக் கிளப்புகளிலேயே மிகப் பழையது. 2009-ல் முன்டோ ஃபைனான்ஸ் என்ற பெயரில் ஒரு கூட்டம் வந்தது, மத்தியக் கிழக்குப் பணம் பின்னால் இருக்கிறது என்றார்கள். ரசிகர்களின் டிரஸ்ட் கையில் இருந்த பெரும்பான்மைப் பங்கு அவர்களுக்குக் கைமாறியது. நான்காம் அடுக்கில் ஆடிக்கொண்டிருந்த கிளப்புக்கு இங்கிலாந்து அணியின் முன்னாள் பயிற்சியாளர் ஸ்வென் யோரன் எரிக்சன் வந்தார், இங்கிலாந்துக்கு ஆடிய சால் கேம்ப்பெல் ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டுக் கிளம்பினார். அந்த அக்டோபரில் லீக் 'விதிப்படி எல்லாம் சரி' என்றது. டிசம்பரில் கிளப் 1 பவுண்டுக்குக் கைமாறியது, அடுத்த பிப்ரவரியில் இன்னொரு முறை 1 பவுண்டுக்கு. சொன்ன பணம் எங்குமே இருக்கவில்லை. அதே பருவத்தில் பிரீமியர் லீக்கில் போர்ட்ஸ்மத் நான்கு உரிமையாளர்களைப் பார்த்தது. அதில் ஒருவரான அலி அல் ஃபராஜை மைதானத்தில் யாரும் பார்த்ததில்லை என்பதால் கானல்நீரைக் குறித்து 'அல் மிராஜ்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அவரும் தேர்வில் தேறியவர்தான். 2010 பிப்ரவரியில் போர்ட்ஸ்மத் திவால் நிர்வாகிகள் கைக்குப் போனது. பிரீமியர் லீக் வரலாற்றில் அந்த நிலைக்கு வந்த முதல் கிளப் அது.

'யார்' என்ற கேள்வியின் கடினமான வடிவம் நியூகாசில். சவூதி அரேபியாவின் பொது முதலீட்டு நிதியம் உள்ளிட்ட கூட்டணி 2020-ல் விண்ணப்பித்தது. மாதக்கணக்கில் இழுத்தது. நிதியத்துக்கு மேலே சவூதி அரசு இருக்கிறதே, அப்படியானால் அரசும் உரிமையாளர்தானே, அதுவும் தேர்வுக்கு வர வேண்டும் அல்லவா என்பதுதான் சிக்கல். ஜூலையில் கூட்டணி விலகிக்கொண்டது. பிறகு திரும்பி வந்தது, 2021 அக்டோபர் 7 அன்று விற்பனை முடிந்தது, விலை சுமார் 30 கோடியே 50 லட்சம் பவுண்டு. கிளப்பைச் சவூதி அரசு கட்டுப்படுத்தாது என்று சட்டப்படி பிணைக்கும் உறுதிமொழி கிடைத்துவிட்டது என்றது லீக். அந்த நிதியத்தின் தலைவர் பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான். நிதியத்தின் ஆளுநர் யாசிர் அல் ருமய்யான் கிளப்புக்கும் தலைவரானார். 2023-ல் அமெரிக்காவில் ஒரு கோல்ஃப் வழக்கில் இதே நிதியம், தான் சவூதி அரசின் ஓர் உறுப்பு என்றும் அல் ருமய்யான் பதவியில் இருக்கும் அமைச்சர் என்றும், அதனால் விசாரணையிலிருந்து விலக்கு வேண்டும் என்றும் வாதாடியது. இங்கே அரசு வேறு, அங்கே அரசே நாங்கள். சட்டத்தில் இரண்டையும் ஒட்டவைக்க வழி இருக்கலாம், அது வக்கீல்கள் வேலை. என் மேசைக்கு அப்படி இரண்டு தாள் வந்திருந்தால் கோப்பை மூடியிருக்க மாட்டேன்.

அடுத்தது பணம். இதில் இரண்டு தனிக் கேள்விகள் உண்டு, பத்திரிகைகள் பெரும்பாலும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன. இந்த விற்பனைக்குக் கொடுக்கும் பணம் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்பது ஒன்று. அந்த ஆள் வாழ்நாளில் எப்படிப் பணக்காரரானார் என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஒரு வங்கிக் கடிதம் வைத்துவிடலாம். இரண்டாவதற்கு முப்பது வருடத்துக் கதை வேண்டும்.

அந்த வங்கிக் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதி ஏமாற்று அங்கேதான் நடக்கிறது. அழகான தாள், முத்திரை, ஒரு மேலாளரின் கையெழுத்து, கீழே ஒரு தொலைபேசி எண். அந்த எண்ணைக் கூப்பிடக் கூடாது. வங்கியின் எண்ணை நாமே தனியாகத் தேடி எடுத்து, அப்படி ஒரு மேலாளர் இருக்கிறாரா, இந்தக் கடிதம் அவர் எழுதியதா என்று கேட்க வேண்டும். இது எங்கள் வேலையின் அரிச்சுவடி. அப்புறம் வாசகத்தைப் பார்க்க வேண்டும். 'இன்ன தேதியில் இவ்வளவு இருப்பு' என்று மட்டும் இருந்தால் அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் ஆறு மாதக் கணக்கைக் கேட்க வேண்டும். ஒரு விற்பனையில் அப்படிக் கேட்டு வாங்கினோம். கடிதத் தேதிக்கு மூன்று நாள் முன்பு ஒரு பெரிய தொகை உள்ளே வந்திருந்தது, இரண்டு நாள் கழித்து அதே தொகை வெளியே போயிருந்தது. கடிதத்தில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை! அந்த ஆள் கடைசிவரை முகம் மாறாமல் பேசிக்கொண்டிருந்தார்.

கடிதம் மட்டுமல்ல, தணிக்கை செய்த கணக்கையும் கண்ணை மூடி நம்ப முடியாது. 2023-ல் ஷெஃபீல்ட் யுனைடெட்டை வாங்க டோசி முபோசி என்ற நைஜீரியத் தொழிலதிபர் வந்தார். இ.எஃப்.எல். கேட்ட விவரங்கள் திருப்தியாக வரவில்லை, ஒப்புதல் தரவில்லை, பேரம் கலைந்தது. அந்த டிசம்பரில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் அவர் மீது மோசடிக் குற்றம் சாட்டியது. அவருடைய டிங்கோ மொபைல் கம்பெனி 2022 முடிவில் வங்கியில் 46 கோடியே 17 லட்சம் டாலர் இருப்பதாகக் கணக்கில் காட்டியது என்றும், அந்தக் கணக்குகளில் உண்மையில் 50 டாலருக்கும் குறைவாகத்தான் இருந்தது என்றும் ஆணையம் சொன்னது. இ.எஃப்.எல்.லை எல்லோரும் திட்டுவார்கள், இந்த ஒன்றில் அவர்களுக்கு ஒரு சபாஷ் போடலாம். தேர்வு வேலை செய்தால் செய்தியே வராது, பேரம் ஓசைப்படாமல் கலைந்துபோகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் உண்மையிலேயே இருந்து, அது கடனாக இருந்தால்? கிளாஸ்கோ ரேஞ்சர்ஸ் ஸ்காட்லாந்துக் கிளப், விதிகள் வேறு. ஆனால் பாடம் எல்லா இடத்துக்கும் பொருந்தும். 2011-ல் கிரெய்க் வைட் அதை 1 பவுண்டுக்கு வாங்கினார், வங்கிக்கு இருந்த 1 கோடியே 80 லட்சம் பவுண்டு கடனை அடைக்க வேண்டும் என்பது பேச்சு. அடைத்தார். எந்தப் பணத்தில் என்று பார்த்தால், வரப்போகும் வருடங்களின் சீசன் டிக்கெட்டுகளை டிக்கெட்டஸ் என்ற நிறுவனத்துக்கு முன்கூட்டியே விற்ற பணம். வாங்கப்போகும் மாட்டின் பாலை விற்று மாட்டை வாங்கிய கதை. 2012 பிப்ரவரியில் கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போனது. வைட் மீது வந்த மோசடி வழக்கில் 2017-ல் ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். கிளப் மூழ்குவதற்குச் சட்டவிரோதமாக எதுவும் நடந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

மாட்டையே அடமானம் வைப்பது இன்னொரு வகை. கிளேசர் குடும்பம் 2005-ல் மான்செஸ்டர் யுனைடெட்டைச் சுமார் 79 கோடி பவுண்டு மதிப்பில் வாங்கியபோது பாதிக்கும் மேல் கடன், அதில் பெரும்பகுதி கிளப்பின் தலையிலேயே வந்து விழுந்தது. அதுவரை பெரிதாகக் கடனில்லாத கிளப். இதை எந்தத் தடைப்பட்டியலும் பிடிக்கவில்லை, ஏனென்றால் வணிக உலகில் இது அன்றாடம் நடப்பது. இத்தாலியில் 2017-ல் லி யோங்ஹோங் ஏசி மிலானை 74 கோடி யூரோ மதிப்பில் வாங்கினார், அதில் 30 கோடி யூரோ எலியட் என்ற அமெரிக்க நிதியத்தின் கடன். அடுத்த வருடம் ஜூலையில் 3 கோடியே 20 லட்சம் யூரோ கட்ட வேண்டிய இடத்தில் கட்ட முடியவில்லை. கிளப் எலியட் கைக்குப் போனது.

குற்றப் பின்னணி பார்ப்பதுதான் இருப்பதிலேயே எளிது என்று நினைப்பீர்கள். அதிலும் சிக்கல் உண்டு. தக்சின் ஷினவத்ரா 2007-ல் மான்செஸ்டர் சிட்டியை 8 கோடியே 16 லட்சம் பவுண்டுக்கு வாங்கியபோது, தாய்லாந்தில் ஆட்சிக் கவிழ்ப்பில் பதவி இழந்து ஊழல் வழக்குகளைச் சந்தித்துக்கொண்டிருந்தார், அங்கே அவர் சொத்துகள் முடக்கப்பட்டிருந்தன. ஆனால் தண்டனை இல்லை. தண்டனை இல்லாவிட்டால் தடை இல்லை. 2008 செப்டம்பரில் அபுதாபிக் குழுவுக்கு விற்றுவிட்டார், அக்டோபரில் தாய்லாந்து நீதிமன்றம் இரண்டு வருடச் சிறை விதித்தது. பர்மிங்காம் சிட்டியை 2009-ல் வாங்கிய கார்சன் யுங்குக்கு 2014-ல் ஹாங்காங்கில் ஆறு வருடச் சிறை, 72 கோடி ஹாங்காங் டாலருக்கும் மேல் சட்டவிரோதப் பணப் பரிமாற்றம் செய்ததற்காக. வாங்கிய நாளில் இவரும் தேர்வில் தேறியவர்தான்.

தண்டனை இருந்தாலும் தகராறு வரும். லீட்ஸ் யுனைடெட்டை வாங்க வந்த மாசிமோ செல்லினோவை 2014 மார்ச்சில் லீக் நிராகரித்தது. ஒரு படகுக்கு இறக்குமதி வரி கட்டாததற்காகச் சார்டினியா நீதிமன்றம் அவருக்கு 6 லட்சம் யூரோ அபராதம் போட்டிருந்தது. மேல்முறையீட்டை விசாரித்த மூத்த வழக்கறிஞர் டிம் கெர், தீர்ப்பின் விளக்கம் இன்னும் எழுத்தில் வராத நிலையில் அவர் நேர்மையற்ற எண்ணத்தோடு செய்தார் என்று சொல்ல முடியாது என்று செல்லினோவை அனுமதித்தார். விளக்கம் வந்தது, டிசம்பரில் லீக் மறுபடி தடை போட்டது. ஆனால் ஆங்கிலச் சட்டப்படி ஒரு அபராதத் தண்டனை சில காலத்தில் காலாவதியாகிவிடும், 2015-ல் மனிதர் திரும்பி வந்து உட்கார்ந்தார். கையில் ஒரு கிளப், ஆடிக்கொண்டிருக்கும் அணி, மாதாமாதம் சம்பளப் பட்டியல், நடுவில் உரிமையாளர் வெளியே போய் உள்ளே வருகிறார். இந்தத் தேர்வை எழுதியவர்கள் நினைத்துப் பார்த்த காட்சியாக இது இருந்திருக்காது.

இப்படிப்பட்ட ஓட்டைகளை அடைக்கத்தான் 2023 மார்ச்சில் பிரீமியர் லீக் விதிகளை இறுக்கியது. அரசுத் தடைப்பட்டியல்களின் அடிப்படையில் மனித உரிமை மீறலும் தடைக்குக் காரணமாகச் சேர்ந்தது. கட்டுப்பாடு என்று கருதப்படும் பங்கு 30 சதவீதத்திலிருந்து 25-ஆகக் குறைந்தது. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவரைத் தடுக்கவும் வழி வந்தது. முடிவுகளைப் பார்வையிடத் தனிக் குழு, வருடா வருடம் மறு ஆய்வு என்பதெல்லாமும் வந்தது. இவ்வளவும் நல்லதுதான்.

ஆனால் உங்கள் கேள்விக்கு என் பதில் விதியில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. நல்ல நிலையில் இருக்கும் கிளப்புக்கு வாங்குபவர் நாலு பேர் வருவார்கள், நிதானமாகச் சோதிக்கலாம். மூழ்கிக்கொண்டிருக்கும் கிளப்புக்கு ஒரே ஒருவர் வருவார். வெள்ளிக்கிழமை சம்பளம் போட வேண்டும், வரித்துறை மனு போட்டிருக்கிறது, இவரும் போனால் கிளப்பே இல்லை. அந்த நிலையில் கோப்பைப் பார்ப்பவரின் பேனா நடுங்கும். எனக்கு நடுங்கியிருக்கிறது.

பரி கிளப்பைப் பாருங்கள். 1885-ல் தொடங்கியது, எஃப்.ஏ. கோப்பையை இரண்டு முறை வென்றது. 2018 டிசம்பரில் ஸ்டீவ் டேல் அதை 1 பவுண்டுக்கு வாங்கினார். அன்றைய விதியில் முதலில் வாங்கிவிட்டுப் பிறகு பண ஆதாரம் காட்டலாம் என்று இடம் இருந்தது. ஆதாரம் திருப்தியாக வரவே இல்லை. 2019 ஆகஸ்ட் 27 அன்று கிளப்பை லீக்கிலிருந்து வெளியேற்றினார்கள். அதற்குப் பிறகுதான், ஒப்புதல் வாங்காமல் கைமாற்றம் முடியாது என்று விதி இறுகியது. விகன் கதை இன்னும் வேகம். 2020 ஜூன் தொடக்கத்தில் ஒரு ஹாங்காங் முதலீட்டாளர் கைக்கு முறைப்படி வந்தது, ஜூலை 1 அன்று திவால் நிர்வாகம் அறிவிக்கப்பட்டது. நான்கே வாரம். அதற்குத் தண்டனையாக 12 புள்ளி வெட்டப்பட்டு அணி ஒரு அடுக்கு கீழே இறங்கியது. வெட்டாமல் இருந்திருந்தால் பதின்மூன்றாம் இடம்!

எவர்ட்டன் விவகாரத்தில் இந்த நெருக்கடி வேறு உருவத்தில் வந்தது. 2023 செப்டம்பரில் 777 பார்ட்னர்ஸ் என்ற மயாமி நிறுவனம் 94 சதவீதப் பங்கை வாங்க ஒப்பந்தம் போட்டது. லீக் மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருந்த அந்த இடைவெளியில் கிளப்பின் அன்றாடச் செலவுக்கு அதே நிறுவனம் கடன் கொடுத்துக்கொண்டே போனது, சுமார் 20 கோடி பவுண்டு. இப்போது 'நீ வேண்டாம்' என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அந்தக் கடனை யார் கொடுப்பார்கள்? 2024 மார்ச்சில் நிபந்தனைகளோடு ஒப்புதல் தருவதாக லீக் சொன்னது. நிபந்தனைகள் நிறைவேறவில்லை, மே மாதம் 777 மீது நியூயார்க்கில் பெரிய வழக்கு விழுந்தது, பேரம் செத்தது. டிசம்பரில் ஃப்ரீட்கின் குழு வாங்கியது. லீக் வேண்டுமென்றே நிறைவேறாத நிபந்தனைகளைப் போட்டுத் தப்பித்துக்கொண்டது என்று சிலர் சொல்வார்கள். கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரிகிறது, ஆனால் அதற்கு ஆதாரம் பொதுவெளியில் இல்லை, அதனால் ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர்மாறாக ஒரு விற்பனையை அவசரத்திலும் ஒழுங்காக நடத்த முடியும் என்று காட்டியது செல்சி. 2022 மார்ச் 10 அன்று அப்ரமோவிச் மீது பிரிட்டன் அரசு தடை விதித்தது. கிளப் சிறப்பு உரிமத்தில் ஓடியது, விற்கவே அரசு அனுமதி வேண்டும். மே 30-க்குள் டாட் போயலி, கிளியர்லேக் கூட்டணிக்கு விற்பனை முடிந்துவிட்டது. 250 கோடி பவுண்டு முடக்கப்பட்ட ஒரு வங்கிக் கணக்குக்குப் போனது, மேலே 175 கோடி முதலீடு செய்வதாக உறுதி. வாங்க ஆள் வரிசையில் நின்றார்கள், பின்னால் கருவூலம் நின்றது. பரிக்கு இரண்டுமே இல்லை.

உள்ளே வந்த பிறகு கெட்டுப்போனால் என்ன செய்வது என்பதுதான் நீண்ட நாள் பதிலில்லாமல் இருந்த கேள்வி. ரெடிங் கிளப்பை 2017-ல் வாங்கிய டாய் யோங்கே காலத்தில் சம்பளம் தாமதம், வரி பாக்கி, புள்ளி வெட்டு என்று வரிசையாக வந்தது. 2024 ஜனவரியில் ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கி ஓர் ஆட்டமே நின்றது. 2025-ல் இ.எஃப்.எல். அவரைத் தகுதிநீக்கம் செய்தது, மே மாதம் கிளப் கைமாறியது. தகுதிநீக்கம் செய்தாலும் பங்கை யாராவது வாங்க வேண்டுமே, அதுவரை கிளப் அந்தரத்தில்தான்.

2021-ல் அப்போதைய எம்.பி. டிரேசி கிரவுச் தலைமையில் வந்த ரசிகர் ஆய்வறிக்கையின் தொடர்ச்சியாக, 2025 ஜூலை 21 அன்று கால்பந்து ஆளுகைச் சட்டம் பிரிட்டனில் நிறைவேறியது. மேல் ஐந்து அடுக்குக் கிளப்புகளுக்கும் ஒரு சுதந்திரக் கட்டுப்பாட்டாளர், தலைவர் டேவிட் கோகன். இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்தது, கேள்வியைத் திருப்பிப் போட்டிருப்பது. தடைப்பட்டியலில் இல்லை என்று காட்டினால் போதாது. நேர்மை, நிதி நிலை, போதுமான வளம் எல்லாம் இருக்கிறது என்று நிறுவ வேண்டும். கிளப்பை எப்படி நடத்தப் போகிறார், என்ன செலவாகும், அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று எழுதித் தர வேண்டும். செல்வத்துக்குக் கடுமையான குற்றத்தோடு தொடர்பு இருக்கக் கூடாது. தகுதியில்லாத பழைய உரிமையாளரை வெளியேற்றவும் அதிகாரம் இருக்கிறது. தாளில் நன்றாக இருக்கிறது. ஒரு மூழ்கும் கிளப்பும் ஒரே ஒரு வாங்குபவரும் இவர்கள் முன் வந்து நிற்கும்போதுதான் இது எப்படிப்பட்டது என்று தெரியும்.

மற்ற நாடுகளைப் பற்றி ஒரு வார்த்தை, யாராவது கேட்பீர்கள். ஜெர்மனியில் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்திடம் இருக்க வேண்டும் என்ற 50+1 விதி இருப்பதால், சில விதிவிலக்குகள் தவிர, இந்தப் பிரச்சினையே பெரும்பாலும் எழுவதில்லை. கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்தின் லீக்கான என்.எஃப்.எல்.லில் 32 உரிமையாளர்களில் 24 பேர் ஓட்டுப் போட்டால்தான் புதியவர் உள்ளே வரலாம். வாஷிங்டன் அணியை ஜோஷ் ஹாரிஸ் குழு 605 கோடி டாலருக்கு 2023-ல் வாங்கியது அப்படித்தான். அங்கே சங்கத்தில் சேர்க்கும் வேலை என்று ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொள்கிறார்கள்.

உங்கள் கிளப்பை யாராவது வாங்க வருகிறார் என்று செய்தி வந்தால், லீக் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். பிரிட்டனின் கம்பெனிப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் எல்லாம் இலவசம். வாங்கும் கம்பெனியின் பெயரைப் போடுங்கள். எப்போது பதிவானது என்று பாருங்கள், போன மாதம் என்றால் ஒரு குறி போடுங்கள். கட்டுப்பாடு யார் கையில் என்ற பக்கத்தில் மனிதப் பெயர் இருக்கிறதா, இன்னொரு கம்பெனியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஆள் இதற்கு முன் இயக்குநராக இருந்த கம்பெனிகளில் எத்தனை 'கலைக்கப்பட்டது' என்று முடிந்திருக்கிறது என்று எண்ணுங்கள். கடைசியாக அடமானப் பதிவு. வாங்கி முடித்த சில வாரங்களில் கிளப்பின் பெயரில் அங்கே புதிதாக ஒரு வரி ஏறியிருந்தால், எதை ஈடாக வைத்திருக்கிறார்கள் என்று அந்த ஆவணத்தைத் திறந்து படியுங்கள். பெரும்பாலும் மைதானமாக இருக்கும்.